தண்ணீர் வடக்கே போகும் நாளில் காசிமேட்டுக்கு வழி

திருவொற்றியூர்க் கடற்கரையில், அலையைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்களின் மேல் ஏறி நின்றால், துறைமுகத்துக்குள் போக முறை காத்து நங்கூரம் போட்டிருக்கும் கப்பல்கள் தெரியும். சில நாள் இரண்டு மூன்று, சில நாள் பத்துக்கு மேல். எல்லாம் ஏறத்தாழ ஒரே பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். யாரும் அவற்றை அப்படி அடுக்கி வைக்கவில்லை. நங்கூரச் சங்கிலி மூக்கில் இருக்கிறது. ஓடும் தண்ணீர் வாலைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அதனால் கப்பலின் மூக்கு எப்போதும் தண்ணீர் வரும் பக்கத்தைப் பார்க்கும். மூக்கு தெற்கே இருந்தால் தண்ணீர் தெற்கிலிருந்து வடக்கே போகிறது என்று பொருள். காலையில் அங்கே நடக்க வருகிறவர்கள் சூரியனைப் படம் எடுக்கிறார்கள். கப்பலை யாரும் பார்ப்பதில்லை.

இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. சரக்கு இறக்கிவிட்டு வெறுமையாக நிற்கும் கப்பல் தண்ணீருக்கு மேல் உயர்ந்து நிற்கும். அதைக் காற்றும் திருப்பும். சரக்கு ஏற்றி அமிழ்ந்து நிற்கும் கப்பல்தான் தண்ணீரின் பேச்சைக் கேட்கும். இரண்டு வகையும் வேறு வேறு பக்கம் பார்த்து நின்றால், காற்று ஒரு பக்கமும் தண்ணீர் இன்னொரு பக்கமும் போகிறது என்று புரிந்துகொள்ளலாம். ஒரு ரூபாய் செலவில்லாமல் கரையிலேயே கிடைக்கும் முதல் தகவல் இது.

படகோட்டுவது பற்றி இணையத்திலும் பாடப்புத்தகங்களிலும் வருகிற பெரும்பாலான குறிப்புகள் ஓதத்தில் தொடங்குகின்றன. எப்போது தண்ணீர் ஏறும், எப்போது வற்றும், எந்த மணிக்கு எவ்வளவு. அவை ஓதம் பெரிதாக இருக்கும் கடல்களுக்காக எழுதப்பட்டவை. குஜராத்தின் பாவ்நகரில் தண்ணீர் பத்து மீட்டர் வரை ஏறி இறங்குகிறது; அங்கே ஓதம் தெரியாதவன் படகைத் தொடவே கூடாது. சென்னையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்திலேகூட ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர்தான். அஷ்டமி பக்கம் வந்தால் அரை மீட்டருக்கும் கீழே. நம் கரையில் படகோட்டியை ஏமாற்றுவது ஏறி இறங்கும் தண்ணீர் அல்ல, கரையோடு ஒட்டி ஓடும் தண்ணீர். வடசென்னையில் வழி கண்டுபிடிப்பது பற்றிப் பேசுவதென்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

தெண்டியும் வண்ணியும்

சென்னை மீனவர்கள் இந்த ஓட்டத்தை வெள்ளம் என்பார்கள். தொலைக்காட்சியில் டிசம்பர் மாதம் காட்டும் வெள்ளம் அல்ல. தெற்கிலிருந்து வடக்கே போவது தெண்டி. வடக்கிலிருந்து தெற்கே போவது வண்ணி. பெயர் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை வைத்து அமைந்திருக்கிறது, வாடைக்காற்று என்றால் வடக்கிலிருந்து வரும் காற்று என்பதைப் போல. நீரோட்ட விஷயத்தில் கடல் வரைபடங்களும் வானிலை அறிக்கைகளும் இதற்கு நேர் எதிர். காற்றை அது வரும் திசையாலும், நீரோட்டத்தை அது போகும் திசையாலும் குறிப்பிடுகின்றன. அறிக்கையில் 'வடக்கு நீரோட்டம்' என்று இருந்தால் அது நம் ஊர்த் தெண்டி. படித்த இளைஞர்களும் இந்த இடத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். நானும் தடுமாறியவன்தான்.

இந்த ஓட்டம் ஆண்டுக்கு இருமுறை திசை மாறுகிறது. பிப்ரவரி வாக்கில் வடக்கே ஓடத் தொடங்கி, மார்ச், ஏப்ரலில் உச்சம் தொடுகிறது. அக்டோபர் வாக்கில் திரும்பி ஜனவரி வரை தெற்கே ஓடுகிறது. மார்ச் மாதத்தில் இங்கே காற்று பெரிதாக இருக்காது, ஆனால் வெள்ளம் அப்போதுதான் கடுமையாக இருக்கும். காரணம், இது நம் கரையில் வீசும் காற்று மட்டும் தள்ளுவதல்ல. வங்காள விரிகுடா முழுவதும் வீசும் காற்றும், எங்கோ விரிகுடாவின் எதிர்க் கரையிலிருந்து கிளம்பி வரும் மிக நீளமான, கண்ணுக்குத் தெரியாத அலைகளும் சேர்ந்து தண்ணீரை இந்தக் கரையோரம் ஓட வைக்கின்றன. ஆகவே காற்றைப் பார்த்து வெள்ளத்தைச் சொல்ல முடியாது. இலை அசையாத மார்ச் மாதக் காலையில் கடல் தொட்டித் தண்ணீர் போல இருக்கும்; அடியில் படகை ஒருவர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருப்பார். மாதக் கணக்கும் முழு உத்தரவாதம் இல்லை. நடுவில் சில நாள் எதிர்த் திசையில் ஓடும். காலையில் கப்பலைப் பார்ப்பது அதற்காகத்தான்.

ஊர்க்காரர்களுக்கு நினைவிருக்கும் ஒரு சாட்சி சொல்கிறேன். 2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. அந்த எண்ணெய் வடக்கே பழவேற்காட்டுப் பக்கம் போகவில்லை. தெற்கே இறங்கி எர்ணாவூர்க் கரையில் தாரைப் போலத் திரண்டது; வாளி வாளியாக அள்ளினார்கள். அதன் மிச்சம் மெரினாவையும் தாண்டிப் போனது. வண்ணி ஓடும் பருவத்தின் கடைசி அது. இரண்டு மாதம் கழித்து மோதியிருந்தால் கறுத்த கரை வேறு ஊருடையதாக இருந்திருக்கும்.

மணலையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. 1876-ல் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் கட்டத் தொடங்கியதும் தெற்கிலிருந்து வடக்கே போன மணல் அங்கேயே தேங்கியது. மெரினா அகன்றது, சுவருக்கு வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரைகள் பட்டினியில் கரைந்தன. நான் ஏறி நிற்பதாகச் சொன்ன கருங்கற்கள் அங்கே வந்த கதை அதுதான். ஆனால் அந்த மணலை நகர்த்துவது பெரும்பாலும் கரையில் சாய்வாக வந்து உடையும் அலை. சில மைல் வெளியே படகை நகர்த்துவது வெள்ளம். இரண்டும் ஒரே நாளில் வேறு வேறு திசையில் போகலாம். கரை மணலைப் பார்த்து வெளிக்கடலைக் கணக்குப் போடக் கூடாது.

எர்ணாவூரில் யார் வீட்டுக்கு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் மாதம், எங்கள் தெரு அண்ணன் ஒருவரின் ஃபைபர் போட்டில் தூண்டில் போடப் போனோம். கரையிலிருந்து சுமார் 12 கடல் மைல். ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். ஒரு மணிக்கு ஒரு கடல் மைல் போனால் அது ஒரு நாட். திரும்பும்போது அண்ணன் சுக்கானை என்னிடம் கொடுத்துவிட்டு, தலைக்கு வலையைச் சுருட்டி வைத்துப் படுத்துவிட்டார். என் கைபேசியில் சார்ஜ் தீர்ந்திருந்தது. சரி, காம்பஸ் இருக்கிறது, காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் நேர் மேற்கே இருக்கிறது, மேற்கே ஓட்டினால் வந்துவிடும் என்று ஓட்டினேன். ஆறு நாட் வேகம், இரண்டு மணி நேரம். காம்பஸ் முள்ளை ஒரு முடி அளவு நகர விடவில்லை. வெயில் மூட்டத்தில் ஊர் சாம்பல் கோடாகத் தெரிந்து, பிறகு கட்டடங்களாகப் பிரிந்தது. அண்ணன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"இன்னா தம்பி, எர்ணாவூர்ல யாரு வூட்டுக்குப் போற?"

கணக்கு எளிது. அன்றைக்குத் தெண்டி ஒன்றரை நாட் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மணி நேரத்தில் மூன்று கடல் மைல் வடக்கே. ஐந்தரை கிலோமீட்டர். காசிமேட்டிலிருந்து திருவொற்றியூரைத் தாண்டி எர்ணாவூருக்கு ஏறத்தாழ அவ்வளவுதான். திரும்பி வரும்போது ஆறு நாட்டில் ஒன்றரை போய் நாலரைதான் மிச்சம். இன்னொரு நாற்பது நிமிடம், அதற்கு டீசல். முழு நேரமும் நான் மேற்கைப் பார்த்துத்தான் ஓட்டினேன் என்பது உண்மை. படகின் மூக்கு எங்கே பார்க்கிறது என்பதும், படகு எங்கே போகிறது என்பதும் இரண்டு தனி விஷயங்கள். காம்பஸ் முதலாவதை மட்டும்தான் சொல்லும்.

ஏன் எனக்குத் தெரியவில்லை? இங்கேதான் சோழமண்டலக் கரையின் குணம் வருகிறது. இந்தக் கரை பெரும்பாலும் வடக்கு தெற்காக இழுத்த கோடு. மலை இல்லை, முனை இல்லை, விரிகுடா இல்லை. கரைக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதைத் தண்ணீரின் ஆழம் சொல்லிவிடும். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி எத்தனை பாகம் என்று எண்ணினால் போதும்; ஒரு பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம். ஆனால் ஆழமும் கரைக்கு இணையாகவே போகிறது. பத்து பாகத் தண்ணீரில் வடக்கே ஐந்து மைல் இழுத்துச் சென்றாலும் அது ஏறத்தாழ பத்து பாகமாகவே இருக்கும். வெள்ளம் ஓடுவதும் அதே கோட்டில். அதாவது நமக்கு எந்தப் பக்கம் கண் இல்லையோ அந்தப் பக்கமாகவே தண்ணீர் தள்ளுகிறது. கைமுறையாக வழி பார்ப்பதில் நாம் கற்க வேண்டிய எல்லாமே இந்த ஒரு குருட்டுப் பக்கத்தை அடைப்பதற்குத்தான்.

இரண்டு அடையாளம் ஒரு கோட்டில்

பழைய ஆட்கள் இதற்கு வைத்திருந்த வழி, கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு பொருளை ஒரே கோட்டில் பிடிப்பது. முன்னால் ஒரு தேவாலய கோபுரம், அதற்குப் பின்னால் தள்ளி ஒரு தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலிலிருந்து பார்க்கையில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இடம் ஒரே ஒரு கோடுதான். அந்தக் கோட்டை விட்டு நீங்கள் வலப்பக்கம் நகர்ந்தால், கிட்டே இருக்கும் கோபுரம் இடப்பக்கம் நகர்வதுபோலத் தெரியும். நினைவில் வைக்க ஒரு வழி: கிட்டே இருப்பது எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் படகைத் திருப்பு. அது மறுபடி தொட்டியின் மேல் வந்து உட்கார்ந்துவிடும்.

இதன் அருமை என்னவென்றால், வெள்ளம் எவ்வளவு என்று கணக்கே போட வேண்டாம். இரண்டையும் ஒட்ட வைத்துக்கொண்டே ஓட்டினால், படகின் மூக்கு தானாகவே கொஞ்சம் தெற்கே திரும்பி நிற்கும். படகு மட்டும் நேராக மேற்கே நண்டு போலப் பக்கவாட்டில் நகர்ந்து வரும். அப்போது காம்பஸைப் பார்த்து எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறது என்று குறித்துக்கொண்டால், அன்றைய வெள்ளத்தின் பலமும் கையில் கிடைத்துவிடும்.

ஒரே இடத்துக்குத் திரும்ப வேண்டுமென்றால், கடலடிப் பாறை மேட்டுக்குத் தூண்டில் போட வருகிறவர்களைப் போல, இரண்டு ஜோடி வேண்டும். ஒரு ஜோடி நேர் மேற்கே, இன்னொன்று சாய்வாக. வடசென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி. நம் காற்றைக் கெடுத்த அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் கடலிலிருந்து அருமையான அடையாளம். படகில் உட்கார்ந்திருப்பவரின் கண் தண்ணீருக்கு இரண்டு மீட்டர் மேலே இருந்தால், நூறு மீட்டர் உயரமுள்ள ஒன்று தெளிந்த நாளில் சுமார் 23 கடல் மைல் வரை தொடுவானத்துக்கு மேல் தலை காட்டும். புழுதியும் மூட்டமும் அதில் பாதியைத் தின்றுவிடும் என்பது வேறு. வடமேற்கே புகைபோக்கி, தென்மேற்கே துறைமுகத்துப் பாரந்தூக்கிகள், நடுவில் ஊர். அடையாளத்துக்குப் பஞ்சமில்லை.

கரை தெரியாத தூரத்திலிருந்து வரும்போதுதான் கணக்கு வேண்டும். அதற்கும் பெரிய படிப்பு தேவையில்லை. வெள்ளத்தின் வேகத்தைப் படகின் வேகத்தால் வகுத்து 60-ஆல் பெருக்குங்கள். அத்தனை டிகிரி வெள்ளம் வரும் பக்கம் மூக்கைத் திருப்புங்கள். ஒன்றரையை ஆறால் வகுத்தால் கால். அறுபதில் கால் பதினைந்து. அன்றைக்கு நான் மேற்கிலிருந்து பதினைந்து டிகிரி தெற்கே சாய்த்துப் பிடித்திருந்தால் காசிமேட்டில் இறங்கியிருப்பேன். வெள்ளம் குறுக்கே வரும்போது, அதுவும் படகின் வேகத்தில் பாதிக்குள் இருக்கும்வரை, இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

வெள்ளத்தின் வேகம் தெரிய வேண்டுமே? எஞ்சினை நியூட்ரலில் போட்டு, ஈயக்குண்டைத் தரையில் உட்கார வைத்துக் கயிற்றைத் தளர விடுங்கள். குண்டு நகராது, படகு நகரும். ஒரு நிமிடத்தில் கை வழியே எவ்வளவு கயிறு ஓடுகிறது, எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று பார்த்தால் தண்ணீரும் காற்றும் சேர்ந்து படகை என்ன செய்கின்றன என்று தெரியும். நிமிடத்துக்கு 30 மீட்டர் போனால் ஏறத்தாழ ஒரு நாட். இதற்கு ஆழம் குறைந்த இடம் வேண்டும், இல்லையென்றால் கயிறு சாய்ந்து கணக்கு பிசகும். சிலர் ஒரு மரத்துண்டைத் தண்ணீரில் போட்டு அது படகை எவ்வளவு நேரத்தில் கடக்கிறது என்று எண்ணுவார்கள். அது தவறல்ல, ஆனால் அதில் தெரிவது தண்ணீரோடு ஒப்பிட்டால் படகின் வேகம். மரத்துண்டும் அதே வெள்ளத்தில்தானே போகிறது! இரண்டையும் குழப்பிக்கொண்டவர்களோடு நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

குண்டின் அடியில் குழி செய்து கொஞ்சம் மெழுகு அப்பி இறக்கினால், சேறா, மணலா, சிப்பித் தூளா என்று அடித்தரை ஒட்டிக்கொண்டு வரும். ஆழம் வடக்கு தெற்கைச் சொல்லாது என்றேன். அடித்தரை சில இடங்களில் சொல்லிவிடும்.

அப்புறம், நேராகக் குறி வைக்காமல் வேண்டுமென்றே தப்பாகக் குறி வைப்பது. இருட்டிலோ மூட்டத்திலோ கரைக்கு வந்து சேர்ந்து, காசிமேடு தெரியவில்லை என்றால் வலப்பக்கம் போவதா இடப்பக்கம் போவதா? தெரியாது. அதனால் வெள்ளம் வரும் பக்கமாகக் கொஞ்சம் தள்ளியே குறி வைக்க வேண்டும். வண்ணி நாளில் திருவொற்றியூரைப் பார்த்து வந்தால், துறைமுகம் இடப்பக்கம்தான் இருக்கும், தண்ணீரும் அங்கே தள்ளிக்கொண்டு போகும். தெண்டி நாளில் தெற்கே தள்ளிக் குறி வைக்க வேண்டும்; ஆனால் தெற்கே பெரிய துறைமுகம் இருக்கிறது, கப்பல் போய்வரும் பாதை இருக்கிறது. அதற்குள் சின்னப் படகு மூக்கை நுழைக்கக் கூடாது. ஆகவே அந்த நாட்களில் தள்ளல் சின்னதாக இருக்க வேண்டும், கண் பெரிதாக இருக்க வேண்டும். இரவில் துறைமுக வாயில் நுழையும்போது நம் நாட்டு முறைப்படி சிவப்பு விளக்கு இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். ஆனால் பின்னால் ஊரே சிவப்பும் பச்சையுமாக மின்னிக்கொண்டிருக்கும்போது அதைப் பிரித்துப் பார்ப்பது தனிப் பழக்கம்.

காம்பஸ் பற்றி ஒரு வார்த்தை. முள் காட்டும் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் உள்ள வேறுபாடு சென்னையில் மிகச் சிறிது, படகுக்குப் பொருட்டில்லை. பக்கத்தில் வைத்த கைபேசியும், ப்ளூடூத் ஸ்பீக்கரின் காந்தமும், மீன் வெட்டும் கத்தியும் அதைவிடப் பல மடங்கு முள்ளை இழுக்கும்.

எண்ணூர் முகத்துவாரத்தில்

ஓதம் இங்கே சின்னது என்றேன். ஒரே ஒரு இடத்தில் அது பெரிய ஆளாகிவிடும். எண்ணூரில் கொசஸ்தலை ஆறும் பக்கிங்ஹாம் கால்வாயும் கழியும் சேர்ந்து கடலில் கலக்கும் முகத்துவாரம். உள்ளே பரந்து கிடக்கும் கழித் தண்ணீர் முழுவதும் அந்தக் குறுகிய வாய் வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும். ஒரு மீட்டர் ஏற்றம் அங்கே இழுப்பாக மாறிவிடுகிறது.

நேரம் கணக்கிடப் பஞ்சாங்கமே போதும். ஓதம் நிலவைப் பின்தொடர்கிறது. ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் 12 மணி 25 நிமிடம். நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். திதி என்பது நிலவு சூரியனை விட்டு 12 டிகிரி விலகுவது. வானம் ஒரு டிகிரி சுழல நான்கு நிமிடம் ஆவதால், அந்த 12 டிகிரி கடிகாரத்தில் 48 நிமிடம். நம் கணக்கில் சரியாக இரண்டு நாழிகை. அமாவாசையன்று உங்கள் துறையில் தண்ணீர் நிறையும் நேரத்தை ஒரு தடவை பார்த்து எழுதி வைத்துவிட்டால், திதிக்கு இரண்டு நாழிகை கூட்டிக்கொண்டே போகலாம். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் கொஞ்சம் பிசகும். துல்லியம் வேண்டுமென்றால் இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணை இருக்கிறது, ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் முன்னறிவிப்பும் இருக்கிறது. பெரிய ஓதம் அமாவாசை, பௌர்ணமியன்றே வராமல் ஓரிரு நாள் பிந்தி வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏறும் ஆறு மணி நேரத்தில் தண்ணீர் ஒரே சீராக ஏறாது. முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அடுத்த மணியில் இரண்டு, நடு இரண்டு மணிகளில் மும்மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. ஒரு மீட்டர் ஓதமென்றால் முதல் மணியில் எட்டு சென்டிமீட்டர், மூன்றாம் மணியில் இருபத்தைந்து. வாயில் இழுப்பு கடுமையாக இருப்பதும் அந்த நடு நேரத்தில்தான்.

ஆனால் இதை அப்படியே முகத்துவாரத்தில் வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம். வெளியே கடல் நிறைந்து வற்றத் தொடங்கிய பிறகும், உள்ளே கழி இன்னும் நிறையாமல் தாழ்ந்து கிடக்கும். அதனால் தண்ணீர் தொடர்ந்து உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். கடல் மட்டமும் கழி மட்டமும் சமமாகும்போதுதான் நின்று திரும்பும். அட்டவணையில் உள்ள நேரத்துக்கும் இழுப்பு நிற்கும் நேரத்துக்கும் இடையே எவ்வளவு என்பதைக் கரையில் உட்கார்ந்து ஒரு குச்சியை நட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மழைக்காலத்தில் ஆற்று நீர் சேர்ந்துகொண்டால் ஏற்றத்திலும் மேலே தண்ணீர் வெளியே ஓடும்.

வாயில் படகு கவிழ்வதற்கு ஏற்ற நேரம் எதுவென்று கேட்டால், வற்றும் தண்ணீர் வெளியே பாயும்போது பிற்பகல் கடற்காற்று எதிரே வீசும் நேரம். எதிர்க்கும் தண்ணீர் அலையைக் குறுக்கி உயர்த்தி அங்கேயே உடைத்துப் போடும். அரை மணிக்கு முன்பு சாதாரணமாக இருந்த வாய் அதுதானா என்று தோன்றும். காத்திருப்பதைத் தவிர வேறு திறமை அங்கே செல்லாது. தண்ணீர் நிற்கும் நேரத்தில் வெளியே போவதும், ஏறும் நேரத்தில் உள்ளே வருவதும்தான் நல்லது. ஏறும்போது மணலில் தட்டினாலும் கொஞ்ச நேரத்தில் தண்ணீரே தூக்கிவிடும். வற்றும்போது தட்டினால் அடுத்த ஏற்றம் வரை அங்கேயேதான்.

மணல் திட்டு இருக்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். கோடையில் வாய் மணல் மூடிக் குறுகும். வடகிழக்கு மழை உடைத்து வேறு இடத்தில் திறக்கும். போன வருடம் ஆழமாக இருந்தது என்பது இந்த வருடத்துக்குச் சாட்சியாகாது. அலை எங்கே உடைகிறதோ அங்கே மேடு. உடையாமல் கறுத்துக் கிடக்கும் பட்டைதான் வழி. கழியின் உள்ளே நிலைமை இன்னும் மோசம். அனல்மின் நிலையச் சாம்பல் கசிந்து கழியைத் தூர்த்துவிட்டது என்று எண்ணூர் மீனவர்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். ஓதமே ஒரு மீட்டர்தான் இருக்கும் இடத்தில் அரை மீட்டர் சாம்பல் படிந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை.

வானமும் ஜிபிஎஸ்ஸும்

நட்சத்திரம் பார்த்து வழி கண்டுபிடித்த தமிழர் பெருமை இந்தப் பேச்சில் எப்படியும் வந்துவிடும். உண்மைதான்; இராப்பலகை என்ற சிறு பலகையைக் கையில் நீட்டிப் பிடித்து, துருவ நட்சத்திரம் தொடுவானத்துக்கு மேல் எத்தனை விரல் உயரத்தில் நிற்கிறது என்று அளந்து கப்பல் ஓட்டினார்கள். அந்த உயரமும் நாம் நிற்கும் அட்சரேகையும் ஒன்று. சென்னை 13 டிகிரி. கையை நீட்டி விரல்களை மடக்கிப் பிடித்தால் அந்தக் கைமுட்டியின் அகலம் சுமார் பத்து டிகிரி, அதற்கு மேல் ஒன்றரை இரண்டு விரல். நமக்குக் கண் இல்லாத வடக்கு தெற்கை வானம் சொல்லிவிடுகிறதே என்று எனக்கும் முதலில் சந்தோஷமாக இருந்தது. ஆனால் ஒரு டிகிரி என்பது 60 கடல் மைல், 111 கிலோமீட்டர். ஆடும் ஃபைபர் போட்டில் கை ஒரு விரல் பிசகினால் காசிமேடா நெல்லூரா என்று சொல்ல முடியாது. பல நாள் ஓடும் கப்பலுக்கு அது கருவி. நமக்கு அது இரவில் வடக்கைக் காட்டும் விளக்கு, காம்பஸ் உடைந்த அன்றைக்கு உயிர் காக்கும் விளக்கு. அவ்வளவு போதும்.

ஜிபிஎஸ்ஸைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. படகின் மூக்கு பார்க்கும் திசையைக் காம்பஸில் பாருங்கள், படகு உண்மையில் போகும் திசையை ஜிபிஎஸ்ஸில் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், காற்று பலமில்லாத நாளில், அன்றைய வெள்ளமேதான். அந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்கிறவர்கள் குறைவு. திரையில் உள்ள புள்ளியை நோக்கியே மூக்கைத் திருப்பிக்கொண்டு, வெள்ளம் தள்ளத் தள்ள மறுபடி திருப்பி, வில்லைப் போல வளைந்து கரை சேர்கிறார்கள். டீசல் விலைக்கு அது கட்டுப்படியாகாது.

பழகுவதற்கு நான் கண்ட வழி, கருவி நன்றாக வேலை செய்யும் நாளில் அதை மூடி வைப்பது. அரை மணிக்கு ஒரு முறை நேரம், திசை, வேகம் மூன்றையும் நோட்டில் எழுதி, நான் எங்கே இருக்கிறேன் என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு திறந்து பார்ப்பேன். முதல் வருடம் இரண்டு மைல் தவறுவது சாதாரணம். இப்போது அரை மைலுக்குள் வந்திருக்கிறது, மார்ச் மாதத்தைத் தவிர. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கடலோரக் காவல்படையின் 1554 எண்ணை மனதில் வைத்துக்கொண்டுதான் இந்த விளையாட்டெல்லாம்.

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் அடையாள ஜோடிகளை எழுதி வைத்திருக்கிறேன். ஒன்பது ஜோடி இருந்தது. போன மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது மூன்றாவது ஜோடியில் பின்னால் நிற்க வேண்டிய தண்ணீர்த் தொட்டியைக் காணோம். முன்னால் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு எழும்பி மறைத்துவிட்டது. அண்ணனிடம் சொன்னேன். "அந்த பில்டிங்கையே வெச்சிக்க," என்றார். "அது எங்கியும் போவாது. பின்னாடி வேற ஒண்ணு பாத்து எழுதிக்க."

பின்னால் வைக்க இன்னும் ஒன்று கிடைக்கவில்லை.